எண் சொல்லி ஏறுகிறவர்கள்

பிப்ரவரி 4

அண்ணிக்கு,

வணக்கம். போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் பக்கத்திலிருக்கும் உங்கள் பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி யாரிடமும் தள்ளிவிட முடியாது. கான்வென்டில் படித்தவர் வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருக்க மாட்டார் என்று என் மகள்தான் இந்த வழியைச் சொன்னாள். அளவுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன் என்று கோபிக்காதீர்கள். தையல் அறையில் வேறு காகிதம் அகப்படவில்லை. நானூறு சீருடைக்கு ஆர்டர் வந்து, என்னைச் சுற்றிலும் துணி மலை போலக் கிடக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மருமகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் மாதம் மகள், மருமகன், பேத்தி மூன்று பேரும் கிளம்புகிறார்கள். மூன்று வருடத்தில் திரும்பிவிடுவோம் என்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் எல்லோருமாக ஒரு தடவை ஏரிக்குப் போய்வர வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறாள். ஏப்ரல் முதல் வாரம், மூன்று நாள். அதே வேன், அதே விடுதி. நீங்கள், உங்கள் பிள்ளை, நான், இவர், அவர்கள் மூன்று பேர்.

போன தடவை சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் என்னை விட்டுவிட்டுப் போனதை மறந்துவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். ஒரு மணி பத்து நிமிடம், பையும் இல்லாமல் போனும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் இரண்டு தடவை டீ கொடுத்துவிட்டு, "வீட்ல ஏதாவது சண்டையாம்மா?" என்று கேட்டார். அதையெல்லாம் மூட்டை கட்டி ஒரு ஓரமாக வைத்துவிட்டு வருகிறேன். நீங்களும் வாருங்கள்.

இப்படிக்கு,
சிட்டு


பிப்ரவரி 11

சிட்டுவுக்கு,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி கிடைத்தது. அளவுச் சீட்டில் எழுதியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முன்பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளையின் மார்பளவும் கைநீளமும் இருக்கின்றன. அதை எனக்கு அனுப்பிவிட்டு அந்தச் சட்டையை எப்படித் தைப்பாய்? அளவுகளைத் தனியே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

நான் வரவில்லை. என் மகன் வருவான். விடுப்பு கிடைப்பதில் சிரமம் எதுவும் இருக்காது என்று சொன்னான். கட்டடம் வரைகிற அலுவலகத்தில் இவ்வளவு தாராளமாக விடுப்பு தருகிறார்கள் என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது.

நீ எழுதியதில் திருத்த வேண்டியவை உண்டு. நீ கடையில் இருந்தது ஒரு மணி பத்து நிமிடம் அல்ல. ஐம்பத்தைந்து நிமிடம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலும், உன்னை எவரும் விட்டுவிட்டுப் போகவில்லை. வண்டி கிளம்பும் முன் ஒவ்வொருவரும் தம் எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது உன் அண்ணன் வைத்த விதி. அவருடைய தீயணைப்பு வண்டியில் ஆட்கள் எண் சொல்லித்தான் ஏறுவார்கள். வீட்டு வண்டிக்கும் அதையே வைத்தார். எண்ணிக்கை நடக்கும்போது நீ வண்டியில் இருந்திருக்க வேண்டும். கழிவறைக்குப் போகிறவள் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இன்னொன்று. உன் வீட்டுக்காரருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் மருந்துக் கடையில் வரிசையில் நிற்கும்போது, வேறு யாரோ சொல்லி. அந்த இடத்தில் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுபோல் தலையாட்ட வேண்டியிருந்தது. இது சரியில்லை.

குழந்தைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் அண்ணி


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

அளவுகள் வந்து சேர்ந்தன. அந்தச் சட்டையின் கையை ஞாபகத்திலிருந்து ஒரு அங்குலம் குறைத்து வெட்டப் பார்த்தேன். உங்களால் அந்தப் பிள்ளை பிழைத்தான். அதற்கு மட்டும் நன்றி.

எண்ணிக்கை நடக்கும்போது நான் வண்டியில் இருந்திருக்க வேண்டுமாம். நான் இல்லாமல் எண்ணிக்கை எப்படி முடிந்தது அண்ணி? அதைத்தான் இருபத்திரண்டு மாதமாகக் கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் போன பிறகு என் மகள் எண்களை மாற்றினாள். அண்ணனுடைய ஒன்று உங்களுக்கு வந்தது. உங்களுடைய இரண்டு எனக்கு வந்தது. அப்படியே ஆளாளுக்கு ஒன்று குறைந்து ஆறோடு முடிந்தது. குழந்தைக்கு அப்போது எண் கிடையாது. அன்றைக்கு ஆறு எண்ணும் வந்தது, அதனால்தான் வண்டியை எடுக்கச் சொன்னேன் என்று மகள் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறாள். நான் கழிவறையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். என்னுடைய இரண்டைச் சொன்னது யார்? இவருக்கும் உங்கள் பிள்ளைக்கும் மருமகனுக்கும் ஆண் குரல். மகள் தன்னுடைய ஐந்தைச் சொன்னாள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு பெண் குரல்.

காலையில் நமக்குள் சண்டை நடந்திருந்தது. அண்ணன் எப்போதும் உட்காருகிற முன் இருக்கையில் உங்கள் கைப்பையை வைத்து யாரையும் உட்காரவிடாமல் வந்தீர்கள். நான்தான் வீம்புக்குப் பையைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்தேன். "அது உன் அண்ணன் இடம்" என்றீர்கள். "எனக்குத்தான் அவர் முதலில் அண்ணன்" என்றேன். நான் எழுந்து கடைசி இருக்கைக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அதற்கடுத்த கடையில்தான் இது நடந்தது. நீங்களே யோசித்துப் பாருங்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

அதையும் விட்டுவிடலாம். வேன் திரும்பி வந்ததும் எல்லோரும் இறங்கி ஓடி வந்தார்கள். இவர் அந்த முழங்காலோடு நொண்டிக்கொண்டே வந்தார். தூங்கின குழந்தையைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீங்கள் இறங்கவில்லை. ஜன்னல் கண்ணாடியைக்கூடத் தள்ளவில்லை. நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு வலித்தது அதுதான்.

வரவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். "வீட்ல ஆளுக்கொரு கதவு இருக்கு, வேன்ல எல்லாருக்கும் ஒரே கதவு" என்று அண்ணன் சொல்வாரே, நினைவிருக்கிறதா? இவருக்குச் சர்க்கரை இருப்பது எப்படித் தெரிந்தது? ஒரே பகலில் பதினோரு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னார் என்று எண்ணி வைத்து, ஊர் திரும்பியதும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியது நீங்கள்தான். வீட்டில் பக்கத்திலேயே இருந்தும் நான் கவனிக்கவில்லை. நீங்களும் நானும் முதன்முதலில் வாய்விட்டுப் பேசியதுகூட நீங்கள் கல்யாணமாகி வந்த வருடம் எல்லோருமாகப் போன ரயிலில், படுக்கை ஒன்று குறைந்துபோய், ஒரே பலகையில் தலைமாடு கால்மாடாகப் படுத்த அன்றுதான். அதற்கு முன் எட்டு மாதம் ஒரே வீட்டில் "சாப்பாடு ஆச்சா" என்பதைத் தவிர வேறு பேசியதில்லை. இப்போது திரும்பவும் எல்லோரும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டோம். இவருக்கு அறுவை நடந்ததை நான் சொல்லவில்லை என்கிறீர்கள். எந்தக் கதவைத் தட்டிச் சொல்வது?

ஒரு மணி பத்து நிமிடம்தான். கடையில் இருந்தவள் நான்.

சிட்டு


மார்ச் 2

அன்புள்ள சிட்டுவுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

இரண்டைச் சொன்னது நான்தான்.

நீ நினைத்த காரணத்துக்காக அல்ல. உன் அண்ணனோடு முப்பத்தெட்டு வருடம் வண்டி ஏறியிருக்கிறேன். அவர் ஒன்று என்பார். நான் இரண்டு என்பேன். ஒரு நாளும் யோசித்துச் சொன்னதில்லை. அவர் குரல் முடியும் இடத்தில் என் குரல் தானாக வரும். அன்று ஒன்று என்று சொன்னதும் நான்தான். ஆனால் ஒன்று என்ற சத்தம் காதில் விழுந்தவுடன் வாய் பழக்கப்படி இரண்டு என்றது. குழந்தை அழுதுகொண்டிருந்தது, எவரும் குரலைக் கவனிக்கவில்லை. உன் வீட்டுக்காரர் மூன்று என்றார். மற்றவர்களும் சொன்னார்கள். கடைசி இருக்கையில் உன் பையும் போர்வையும் குவிந்து கிடந்தன. எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி மூடிப் படுத்துவிட்டாய் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இது வரை நடந்தது தவறு. இதற்கு மேல் நடந்ததை வேறு விதமாகச் சொல்ல வேண்டும்.

கிளம்பிக் கால் மணி நேரம் ஆனபோது, என் காதில் அந்த எண்கள் திரும்ப ஓடின. இரண்டு எண்களும் என் குரலில் இருந்தன. அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தலையைத் திருப்பியிருந்தால் கடைசி இருக்கை தெரிந்திருக்கும். நான் திருப்பவில்லை. திரும்பாதவரை நீ அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம். திரும்பினால், மருத்துவமனைப் பதிவேட்டு அறையில் முப்பத்தோரு வருடம் ஒரு கோப்பைக்கூட அடுக்கு மாற்றி வைக்காதவள், ஆறு வரை எண்ணத் தெரியாமல் ஓர் ஆளைத் தெருவில் விட்டாள் என்று ஆகிவிடும். மேலும் ஏன் இரண்டு என்று சொன்னாய் என்று கேட்பார்கள். அவர் போய் ஒன்றரை வருடம் ஆகியும் அவருக்குப் பின்னால் எண் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அந்த வண்டியில் வைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இன்னும் இருபது நிமிடம் கழித்து உன் மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதுதான் போர்வைக்குள் ஆள் இல்லை என்று தெரிந்தது. திரும்பி வர முப்பத்தைந்து நிமிடம்.

கணக்குப் போட்டுப் பார். நீ எழுதிய ஒரு மணி பத்து நிமிடம்தான் சரி. எனக்குத் தெரிந்த நேரத்திலிருந்து நான் எண்ணியதால் ஐம்பத்தைந்து ஆயிற்று. அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

வண்டி கடை வாசலில் நின்றபோது நீ படியில் உட்கார்ந்திருந்தாய். நான் இறங்கவில்லை. எழுந்து வந்தால் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எவரும் கேட்கும் முன்பே, சொல்லாமல் போனது உன் தவறு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

எண்ணிக்கையில் தவறு செய்கிறவளை வண்டியில் ஏற்றக்கூடாது என்பதுதான் உன் அண்ணன் விதியாக இருந்திருக்கும். ஆகவே நான் வராமல் இருப்பதே முறை.

உன் அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு,

வெட்டுகிற மேசையில் வைத்து நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்கும்போது ஒரு காலரைத் தலைகீழாகப் பிடித்து வைத்திருந்தேன். உதவிக்கு இருக்கிற பெண் என்னைப் பார்த்துவிட்டு, தானாகவே போய் டீ வாங்கி வந்தாள்.

கோபம் வரவில்லை என்று எழுத மாட்டேன். அந்த இருபது நிமிடத்துக்குக் கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டுக்கு வரவில்லை. அதைப் படித்ததும் அண்ணன் ஒன்று என்று சொல்கிற குரல் எனக்கும் கேட்டது. எதையோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி சொல்வாரே, அந்தக் குரல்.

இவரிடம் கடிதத்தைக் காட்டினேன். உங்களைக் கேட்காமல் காட்டியது தப்புதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப அன்னிக்கு வேன்ல மச்சானும்தான் வந்திருக்காரு" என்றார்.

வராமல் இருப்பதே முறை என்கிறீர்கள். முறையும் வேண்டாம், விதியும் வேண்டாம். எனக்கு ஒரு யோசனை. பழைய எண்களையே வைத்துக்கொள்வோம். நீங்கள் இரண்டு, நான் மூன்று. அண்ணனுக்குப் பதிலாக ஒன்றையும் நானே சொல்கிறேன். தங்கை சொல்லலாம்தானே? நீங்கள் உங்கள் இரண்டைச் சொன்னால் போதும். இதற்கும் மாட்டேன் என்றால், வாசலுக்கே வந்து உட்கார்ந்துவிடுவேன். எனக்கு வாசலில் உட்கார்ந்து பழக்கம் உண்டு.

சிட்டு


மார்ச் 15

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் யோசனையை ஏற்க முடியாது. ஒரே ஆள் இரண்டு எண்களைச் சொன்னால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

பழைய எண்கள் இருக்கட்டும். ஒன்றை எவரும் சொல்ல வேண்டாம். கதவைச் சாத்தியதும் அதற்கு உண்டான நேரத்தை விடுவோம். பிறகு நான் இரண்டு என்கிறேன். குழந்தைக்கு எட்டு. அவளுக்கு இப்போதே சொல்லிப் பழக்கச் சொல். தன் முறை வரும் வரை காத்திருக்கவும் பழக்க வேண்டும், அதுதான் கடினம்.

முன் இருக்கையில் உன் வீட்டுக்காரர் உட்காரட்டும். அந்த முழங்காலை நீட்டி வைக்க அங்கேதான் இடம் இருக்கிறது. நீயும் நானும் அதற்குச் சண்டை போட்டதில் காலில் வலி உள்ளவர் பின்னால் மடங்கி உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. எனக்கு நடு வரிசையில் ஜன்னல் ஓரம் போதும்.

என் கைப்பையை மடியில் வைத்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் எழுதியதை வண்டியில் வைத்து எவரும் பேச வேண்டாம்.

உன் அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள சிட்டுவுக்கு,

வீடு வந்து சேர்ந்து ஐந்து நாள் ஆகிறது. துவைக்க வேண்டியவற்றைத் துவைத்தாயிற்று. உன் வீட்டுக்காரரின் காலுறை ஒன்று என் பெட்டியில் வந்துவிட்டது, தனியாக அனுப்புகிறேன்.

முதலில் என் மகன் விஷயம். போகும் வழியில் அவன் வண்டி ஓட்டிய இரண்டு மணி நேரம் எனக்கு மறக்காது. பக்கத்தில் உன் வீட்டுக்காரர் எதுவும் கேட்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். இவனும் சாலையைப் பார்த்தபடியே, "மாமா, நான் வேலையை விட்டு அஞ்சு மாசம் ஆச்சு" என்றான். எனக்குப் பின்னால் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னான் என்று நினைக்கிறேன். ஐந்து மாதம் தினமும் காலை எட்டரைக்கு என்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பி, மாலை ஆறுக்குத் திரும்பினான். ஒரே மேசையில் சாப்பிட்டோம். நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வண்டியில் முகம் பார்க்காமல் பேசலாம். ஆனால் எழுந்து போக முடியாது. உன் அண்ணன் கதவைப் பற்றிச் சொன்னதை நான் அவருடைய பேச்சுகளில் ஒன்று என்று விட்டிருந்தேன். அது வெறும் பேச்சு அல்ல. அவன் இப்போது பகலில் வீட்டிலேயே உட்கார்ந்து வரைகிறான். சாப்பாட்டு மேசையை முழுதாகப் பிடித்துக்கொண்டான். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.

இனி உன் விஷயம். திரும்பும் வழியில் அதே கடையில் நிறுத்தினோம். கிளம்பும்போது கதவு சாத்தியாயிற்று. ஒன்றுக்கான நேரத்தை விட்டோம். நான் இரண்டு என்றேன். மூன்று வரவில்லை. எண் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்பது விதி. நான் உடனே கதவைத் திறந்து இறங்கினேன். இரண்டு படி, கைப்பிடி இல்லை, எனக்கு எழுபத்திரண்டு வயது. கடைக்குள் போனேன். கழிவறை வரை போனேன். சிட்டு, சிட்டு என்று மூன்று முறை கூப்பிட்டேன். சிட்டு என்று கூப்பிட்டால் அறுபத்தாறு வயதுக்காரி வருவாள் என்று எவர் எதிர்பார்ப்பார்கள்? ஒருவர் குழந்தை காணாமல் போய்விட்டது என்று நினைத்து மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். இன்னொருவர், "என்ன சட்டைம்மா போட்டிருந்தா?" என்று கேட்டார். நீ என்ன நிறப் புடவை என்று எனக்குச் சரியாகச் சொல்ல வந்தது. அதைக் கேட்டு அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திரும்பி வந்தால் நீ கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாய். ஏறியதிலிருந்து அங்கேதான் இருந்தாயாம். உன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். குழந்தை பொறுக்க முடியாமல் எட்டு எட்டு என்று கத்துகிறது. அந்தச் சிரிப்பிலேயே மருமகன் வண்டியை எடுத்துவிட்டார்.

நான் எதுவும் சொல்லாமல் வந்தது கோபத்தால் அல்ல. மூச்சு வாங்கியது. ஆனால் எழுதாமல் விட முடியாது. எண்ணிக்கை இரண்டோடு நின்றுவிட்டது. அப்படியே வீடு வரை வந்தோம். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு தரம்கூட இப்படி நடந்ததில்லை. நீ ஏன் சொல்லவில்லை என்பதற்கு விளக்கம் தேவை.

உன் அண்ணி


ஏப்ரல் 18

அண்ணிக்கு,

காலுறை வந்தது. இவர் மற்றதைத் தொலைத்துவிட்டார்.

விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இரண்டு என்றபோது நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் விட்ட அந்த இடைவெளிதான் காரணம். போகும்போது நான்கைந்து தடவை எப்படியோ சமாளித்துவிட்டேன். அந்தக் கடை வாசலில் முடியவில்லை. ஒரு விநாடியில் சொல்லியிருப்பேன். அதற்குள் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

அதன் பிறகு வேண்டுமென்றேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மருமகன் சொல்லப் போனார். நான்தான் விரலைக் காட்டினேன். நீங்கள் தலையை ஒரு தடவை திருப்பியிருந்தால் என்னைப் பார்த்திருப்பீர்கள். திருப்பவில்லை. கைப்பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு, அந்தப் படியில் அப்படி இறங்கிப் போனீர்கள். உள்ளே நீங்கள் கூப்பிட்டது வேன் வரை கேட்டது. மூன்று தடவை இல்லை அண்ணி, ஐந்து தடவை. நான் எண்ணினேன்.

அந்த இருபது நிமிடத்துக்கு மிச்சம் வைத்திருந்த கோபத்தை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். திரும்பிப் போய் எடுக்க மாட்டேன்.

ஜூன் ஏழாம் தேதி விமான நிலையத்துக்கு எல்லோரும் ஒரே வேனில்தான் போகிறோம். திரும்பும்போது நாம் நான்கு பேர்தான் இருப்போம். அதனால் நீங்கள் கட்டாயம் வர வேண்டும். எண்களை மாற்ற வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். ஆறும் ஏழும் எட்டும் அங்கே போய்ச் சொல்லிக்கொள்வார்கள்.

எண்ணிக்கையை அரைகுறையாக விட்டது தப்புதான். இப்போது சொல்லிவிடுகிறேன், வரிசையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று.